காபி மில்லில் கோதுமை, கேரட் போட்ட வெண்ணெய்

லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘லிட்டில் ஹவுஸ்’ கதைகளைப் படிக்கிற பிள்ளைகள் பாதியில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்து நிற்பார்கள். 1870களிலும் 80களிலும் அமெரிக்காவின் நடுமேற்கில் காடு, புல்வெளி என்று இடம் மாறி மாறிக் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை அது. விஸ்கான்சினில் 1867-இல் பிறந்த லாரா, அறுபதைத் தாண்டிய பிறகுதான் தன் சிறுவயதைப் புத்தகமாக்கினார். முதல் புத்தகம் வந்தது 1932-இல். இடையில் எத்தனையோ மறந்திருக்கலாம், சாப்பிட்டதை மட்டும் அவர் மறக்கவில்லை. பன்றி அடித்த நாளில் வாலைக் குச்சியில் குத்தி நெருப்பில் சுட்டுத் தின்றது வரை எழுதி வைத்திருக்கிறார்.

என் மகள் இந்தப் புத்தகங்களில் இறங்கியதும் எனக்கு வேலை வந்து சேர்ந்தது. நாங்கள் இருப்பது மினசோட்டாவில். கதையில் வரும் வால்நட் குரோவ் இதே மாநிலத்தில்தான் இருக்கிறது. மேற்கே மாநில எல்லையைத் தாண்டிப் போனால் கதையில் வரும் இன்னோர் ஊரான டி ஸ்மெட். பனிக்கும் குறைவில்லை, மக்காச்சோளத்துக்கும் குறைவில்லை. அதனால் இந்தக் குளிர்காலத்தின் சனி, ஞாயிறுகளில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம்.

ஆரம்பித்த சில வாரங்களிலேயே ஒன்று புரிந்தது. இந்தச் சமையலில் ஒவ்வொரு பண்டமும் ஏதோ ஒன்று கைவசம் இல்லாததால் பிறந்திருக்கிறது. எலுமிச்சை கிடைக்காது, அதனால் வினிகர் பை (pie) என்ற இனிப்பு. ஈஸ்ட்டும் இல்லை, புளித்த பாலும் இல்லை, அதனால் புளித்த மாவு. எது இல்லாமல் போனது என்று முதலில் கேட்டுக்கொண்டால் செய்முறையின் பாதி அதிலேயே இருக்கிறது. சும்மா பொருட்களின் பட்டியலை மட்டும் பார்த்துச் செய்தால், ‘இதையா அவ்வளவு ருசித்து எழுதினார்?’ என்றுதான் தோன்றும்.

வெண்ணெய்

குளிர்காலத்தில் மாடு காய்ந்த வைக்கோலும் புல்லுமாகத் தின்கிறது. பச்சைப் புல்லில் இருக்கும் கரோட்டின் காய்ந்ததில் பெரும்பாலும் போய்விடும், பாலாடை வெளுத்துவிடும். வெண்ணெயும் வெள்ளைதான் வரும். கதையில் வரும் அம்மாவுக்கு அது பிடிக்காது. ஓட்டையான பழைய தகரப் பாத்திரத்தின் அடியில் அப்பா ஆணியால் துளை போட்டுத் தந்திருக்க, அந்தச் சொரசொரப்பில் கேரட்டைத் துருவி, பாலில் சூடாக்கி, துணியில் பிழிந்து, பாலாடையோடு சேர்க்கிறார். சுவைக்காக இல்லை, கண்ணுக்காக. ஓயாத வேலை இருக்கும் வீட்டில் இப்படி ஒரு மெனக்கெடல் என்பதால் அந்த அம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

நாங்கள் எடுத்தது ஒரு பைண்ட் ஹெவி க்ரீம், அதாவது 470 மில்லிக்குக் கொஞ்சம் மேல். இங்கே அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் குறைந்தது 36 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். கெட்டிப்படுத்தும் பிசின் எதுவும் சேர்க்காததாகப் பார்த்து வாங்கினேன். முதல் நாள் இரவே ஒரு கரண்டி புளித்த மோர் கலந்து சமையல் மேடையிலேயே வைத்தாயிற்று. அந்தக் காலத்தில் பல வேளைப் பாலின் ஆடையைச் சேர்த்து வைப்பதால் அது தானாகவே லேசாகப் புளித்திருக்கும். கடை க்ரீமைக் காய்ச்சிச் சுத்தப்படுத்தி விடுவதால் நாம்தான் புளிக்க வைக்க வேண்டும்.

காலையில் பாதி கேரட்டைப் பொடியாகத் துருவி, கால் கப் முழுக்கொழுப்புப் பாலில் போட்டு, கொதிக்க விடாமல் சின்னத் தீயில் பத்து நிமிடம். கேரட்டின் நிறம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஆடை நீக்கிய பாலில் செய்தால் பெரிதாக எதுவும் இறங்காது. மெல்லிய துணியில் பிழிந்தபோது வந்தது இளம் ஆரஞ்சுப் பால். அதை ஆறவைத்து க்ரீமில் ஊற்றினோம்.

கடையும் சூடு முக்கியம். 15 முதல் 17 டிகிரி செல்சியஸ் சரியாக வருகிறது. அதற்கு மேல் போனால் வெண்ணெய் கொழகொழப்பாகி மோரைப் பிடித்துக்கொள்ளும். ரொம்பக் குளிர்ந்தால் திரளவே நேரம் பிடிக்கும். நம் ஊரில் தயிரைக் கடைகிறோம், மத்து சுழல்கிறது. அவர்கள் பாலாடையை மட்டும் தனியே எடுத்து, உயரமான மரத்தொட்டியில் ஒரு கட்டையை மேலும் கீழும் இடித்துக் கடைவார்கள். அந்த மாதிரித் தொட்டிகள் பழம்பொருள் கடைகளில் யானை விலை. நாங்கள் மூடி போட்ட கண்ணாடி ஜாடியைப் பாதி நிரப்பிக் குலுக்கினோம்.

குலுக்கும்போது காதுதான் வழிகாட்டி. முதலில் ‘களக் களக்’ என்று சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் க்ரீம் நுரைத்துக் கெட்டியாகி ஜாடியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், சத்தமே இருக்காது. பிள்ளைகள் கைவிடுவது இந்த இடத்தில்தான். விடாமல் குலுக்கினால் திடீரென்று மறுபடியும் நீர்ச் சத்தம் கேட்கும், உள்ளே மஞ்சள் குருணைகள் மிதக்கும். மோரை வடித்துவிட்டு, ஐஸ் தண்ணீரில் வெண்ணெயை மரக்கரண்டியால் அழுத்தி அழுத்திக் கழுவ வேண்டும். தண்ணீர் தெளியும் வரை மாற்றிக்கொண்டே இருக்கலாம். மோர் மிச்சமிருந்தால் சீக்கிரம் காறிப்போகும். கிடைத்தது 200 கிராம் அளவுக்கு வெண்ணெய். அரை டீஸ்பூன் உப்பு சேர்த்தோம். கதையில் ஸ்ட்ராபெரிப் பழமும் இரண்டு இலையும் செதுக்கிய மர அச்சில் அழுத்தி எடுப்பார்கள். எங்கள் வீட்டில் இருந்தது கொழுக்கட்டை அச்சு. அதுவும் வேலை செய்தது.

காபி மில் ரொட்டி

மகள் கேட்டது இதைத்தான், மற்றதெல்லாம் இதற்குக் கிளைக்கதை.

1880-ஆம் ஆண்டு அக்டோபரிலேயே டகோட்டாப் பகுதியில் முதல் பனிப்புயல் அடித்தது. டி ஸ்மெட் அப்போதுதான் முளைத்த ஊர். அரிசி, மாவு, சர்க்கரை, மண்ணெண்ணெய், நிலக்கரி என்று அத்தனையும் ரயிலில் வர வேண்டும். புயல் மேல் புயல் வந்து தண்டவாளத்தை மூட, ஜனவரியில் ரயில் அடியோடு நின்றது. மறுபடி வண்டி வந்தது 1881 மே மாதத்தில். கடைகளில் மாவு தீர்ந்தது, நிலக்கரியும் தீர்ந்தது. காய்ந்த புல்லை முறுக்கிக் கட்டையாக்கி எரித்தார்கள். விளக்குக்கு, ஒரு பொத்தானைத் துணியில் கட்டித் திரியாக்கி வண்டி மசகில் நிறுத்தினார்கள். தின்பதற்கு இருந்தது விதைக்கோதுமை. ஊரில் மாவு மில் கிடையாது. எல்லார் வீட்டிலும் காபிக்கொட்டை அரைக்கிற சின்ன மில் மட்டும் இருந்தது.

எங்களுக்குக் கிடைத்தது மரப்பெட்டி வடிவ மில். மேலே இரும்புக் கிண்ணம், கைப்பிடி, அடியில் மாவு விழ ஒரு சின்ன இழுப்பறை. வாங்குபவர்கள் உள்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய பெயின்ட் அடித்ததை உணவுக்குப் பயன்படுத்த வேண்டாம், ஈயம் இருக்கலாம். அரைக்கும் இரும்பைத் தண்ணீரில் கழுவக் கூடாது, துருப்பிடிக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, பச்சரிசியை அரைத்து அரைத்துக் கொட்டினேன். முதலில் பழுப்பாக, காபி எண்ணெய் வாசனையோடு வந்தது. வெள்ளையாக வரத் தொடங்கிய பிறகு கோதுமைக்குப் போனோம்.

கோதுமை, இந்தப் பக்கத்தில் வசந்தத்தில் விதைக்கும் கெட்டிச் சிவப்பு ரகம். வறுத்த காபிக்கொட்டை மொறுமொறுவென்று உடையும். கோதுமை அப்படி உடையாது. திருகை இறுக்கி வைத்து ஒரே ஓட்டத்தில் நைசாக எடுக்கப் பார்த்தால் கைப்பிடி நகராது. திருகைத் தளர்த்தி ஒருமுறை உடைத்துவிட்டு, அப்புறம் இறுக்கி மறுபடி ஓட்டுவதுதான் வழி. இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகும் மாவு என்று சொல்ல முடியாது. ரவையும் மாவும் தவிடும் கலந்த ஒன்று. சலிக்கவில்லை. பசியில் இருக்கிறவர்கள் தவிட்டைத் தூக்கிப் போட மாட்டார்கள்.

பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்தால்தான் கைப்பிடி சுற்றும்போது நகராது. மகள் உட்கார்ந்து சுற்றினாள். கொஞ்ச நேரத்தில் இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். அடியில் ஒரு கைப்பிடிகூட இல்லை.

“அம்மா, இது அரையுதா இல்லையா?”

“அரையுது கண்ணு. சுத்து.”

“லாரா தினமும் இதையா செஞ்சா?”

“அவ, அவ அக்கா, அம்மா எல்லாரும். மாத்தி மாத்தி.”

அதற்கு மேல் அவள் பேசவில்லை. கை மாற்றிச் சுற்றினாள். உள்ளங்கையில் கைப்பிடியின் கொண்டை பட்ட இடம் சிவந்திருந்தது. நான் வாங்கிக்கொண்டேன், கொஞ்ச நேரத்தில் என் தோளும் பிடித்துக்கொண்டது. ஒரு ரொட்டிக்கு வேண்டிய அரைக் கிலோவை அரைத்து முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அப்புறம் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். முழுக்கோதுமை மாவு 100 கிராமுக்கு ஏறக்குறைய 340 கலோரி. வீட்டில் அப்பா, அம்மா, நான்கு பெண்கள், ஆக ஆறு பேர். ஆளுக்கு வெறும் 1,500 கலோரி என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 9,000. அதற்கு 2.6 கிலோ கோதுமை வேண்டும். எங்கள் வேகத்தில் அது எட்டு மணி நேர வேலை. அவர்கள் எங்களைவிடக் கைப்பழக்கம் உள்ளவர்கள் என்று பாதியாகக் குறைத்தாலும் நான்கு மணி நேரம். அரைப்பதற்கு அப்புறம் புல் முறுக்கும் வேலை இருக்கிறது. அந்தக் கதையில் மில் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருப்பதாக வரும். படிக்கும்போது கதைக்காகக் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். கணக்கைப் பார்த்தால் கூட்டியதாகத் தெரியவில்லை.

புளித்த மாவு சுலபம். இந்த மாவையே வெதுவெதுப்பான தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து ஜாடியில் ஊற்றித் துணியால் மூடி வைத்தோம். குளிர்காலத்தில் எங்கள் சமையலறை 20 டிகிரிதான் என்பதால் மெதுவாகவே நடந்தது. முதலில் அழுகின வாடை வரும், பயப்பட வேண்டாம். தினமும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் ஊற்றி வந்தால் வாடை மாறி மோர்ப்புளிப்பு வரும், குமிழ் கிளம்பும். கதையின் அம்மா பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லித்தரும் விதி ஒன்றே ஒன்றுதான். எடுக்கும்போது அடியில் கொஞ்சம் விட்டுவை.

ரொட்டிக்கு: இரவில் ஒரு கப் புளித்த மாவு, 300 கிராம் அரைத்த கோதுமை, ஒன்றேகால் கப் வெதுவெதுப்பான தண்ணீர். கொரகொரப்பு மாவு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும், இரவு முழுக்க ஊறுவது அவசியம். காலையில் மீதி 200 கிராம், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். பிசைந்து, நெய் தடவிய ரொட்டிப் பாத்திரத்தில் அழுத்தி, மூன்று நான்கு மணி நேரம். இருமடங்காக எழும் என்று காத்திருக்காதீர்கள். தவிட்டின் விளிம்புகள் மாவின் இழையை அறுத்துக்கொண்டே இருப்பதால் இது ஒரு விரற்கடை எழும்பினாலே பெரிது. புளிப்பு அதிகமென்று தோன்றினால் பாத்திரத்தில் அழுத்துவதற்கு முன்னால் அரை டீஸ்பூன் ஆப்ப சோடாவை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துப் பிசையலாம். அமிலத்தோடு சேர்ந்து புளிப்பையும் குறைக்கும், கொஞ்சம் பொங்கவும் வைக்கும். 190 டிகிரியில் 50 நிமிடம்.

செங்கல்தான். ஆனால் வாசனை அபாரம். வெட்டினால் உள்ளே ஈரமான பழுப்பு, பல்லில் நறநறக்கும் தவிடு, கடைசியில் ஒரு புளிப்பு. இதன் கொட்டைச் சுவையே வெண்ணெய்க்கு ஈடு என்று கதையில் அம்மா சமாதானம் சொல்வார். எங்களிடம் கேரட் வெண்ணெய் இருந்தது. தடவிச் சாப்பிடலாம் என்று எடுத்தேன். “அவங்ககிட்ட வெண்ணெய் இல்லையே” என்று மகள் முதல் துண்டை வெறுமனே தின்றாள். நல்ல ரொட்டிதான். ஆனால் சூடு ஆறிய பிறகு அடுத்த வேளைக்கும் அதுவே, மறுநாளும் அதுவே என்று நினைத்துப் பார்த்தால் அந்தச் சமாதானம் யாருக்காகச் சொல்லப்பட்டது என்று தெரிகிறது.

மக்காச்சோளம்

கான்சாஸ் புல்வெளியில் அந்த அம்மா சுடும் சோள ரொட்டியில் மாவும் தண்ணீரும் உப்பும் தவிர அதிகம் இல்லை. இரண்டு அரைவட்டமாகத் தட்டி, இரும்புச் சட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே உள்ளங்கையைப் பதிப்பார். அந்தக் கைத்தடம் இருந்தால் வேறு இனிப்பு வேண்டாம் என்பார் அப்பா.

கடையில் கார்ன்ஃப்ளார் வாங்கிவிடாதீர்கள், அது வெறும் ஸ்டார்ச். வேண்டியது கல்லில் அரைத்த மக்காச்சோள மாவு. சாதாரணமாக விற்பதில் முளைப்பகுதியை நீக்கியிருப்பார்கள், கெடாமல் நிற்கும் ஆனால் ருசி போய்விடும். இரண்டு கப் மாவு, ஒரு டீஸ்பூன் உப்பு, ஒன்றேகால் கப் அளவுக்குக் கொதிக்கும் தண்ணீர். கொதிநீர்தான் இங்கே பசை. ஆறின தண்ணீரில் பிசைந்தால் தட்டும்போதே உதிரும். பதினைந்து நிமிடம் மூடி வைத்து, ஈரக்கையால் தட்டினோம்.

சுட்டது கொல்லைப்புறத்தில், 12 அங்குல இரும்பு டச்சு ஓவனில். காலும் விளிம்பு வைத்த மூடியும் உள்ள சட்டி, மூடிமேலும் கரி வைக்கலாம். அடியில் 8 கரித்துண்டு, மேலே 16 என்பது இங்கே முகாம் சமையல்காரர்களின் வழக்கம், சுமார் 175 டிகிரி கிடைக்கும். எங்கள் குளிரில் மேலே இன்னும் சில சேர்க்க வேண்டியிருந்தது. உள்ளே பன்றிக்கொழுப்பு தடவினேன், வெண்ணெய் தடவினால் அடி கருகும். கைத்தடம் அப்படியே நின்றது, விரல்களுக்கு இடையில் மட்டும் பொன்னிறம் கூடுதல்.

இன்னொன்று தோலுரித்த சோளம். விஸ்கான்சின் காட்டுவீட்டில் கெட்டி மரத்தின் சுத்தமான சாம்பலைச் சின்னத் துணிப்பையில் கட்டி, சோளத்தோடு பெரிய பாத்திரத்தில் வேகவைப்பார்கள். சாம்பலின் காரத்தன்மை தோலைக் கழற்றிவிடும். நான் சாம்பலுக்குப் பதில் மெக்சிகன் கடையில் விற்கும் உணவுச் சுண்ணாம்பு போட்டேன், அரைக் கிலோ காய்ந்த சோளத்துக்கு ஒரு மேசைக்கரண்டி. எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியம் கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும். தோல் கழன்றதும் பல தண்ணீரில் கைக்கிடையில் தேய்த்துக் கழுவி, மறுபடி நல்ல தண்ணீரில் பூப்போல வேகும்வரை. பாலும் மேப்பிள் பாகும் ஊற்றிச் சாப்பிட்டோம். இந்தப் பதிவில் உள்ளதிலேயே இரண்டாம் முறை கேட்டு வாங்கப்பட்டது இதுதான்.

இந்தச் சாம்பல் வேலை வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல, சோளத்தைப் பயிராக்கிய பூர்வகுடிகளிடமிருந்து வந்தது. இப்படிக் காரத்தன்மையுள்ள நீரில் வேகவைக்கும்போதுதான் சோளத்தில் உள்ள நியாசின் உடம்புக்குக் கிடைக்கும். அதை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டுமே நம்பிய அமெரிக்கத் தென்மாநில ஏழைகளை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்லக்ரா நோய் வாட்டியது. கான்சாஸில் அந்தக் குடும்பம் வீடு கட்டிய நிலமும் ஓசேஜ் மக்களுடையதே. பூர்வகுடிகளைப் பற்றி அந்தப் புத்தகங்களில் வரும் சில வரிகளை மகளோடு சேர்ந்து படித்தபோது நிறுத்திப் பேச வேண்டியிருந்தது. சமைத்துச் சாப்பிடுவதால் அந்தப் பேச்சு தேவையில்லை என்றாகிவிடாது.

மற்றவை

இஞ்சித் தண்ணீர்: புல் அறுக்கும் வெயிலில் குடிப்பது. குளிர்ந்த கிணற்று நீர், சர்க்கரை, வினிகர், சுக்குத்தூள். ஒரு லிட்டருக்கு நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி ஆப்பிள் வினிகர், ஒரு டீஸ்பூன் சுக்கு. பானகம் குடித்து வளர்ந்த எனக்கு ஏலக்காய் எங்கே என்று நாக்கு தேடியது. போடவில்லை.

வினிகர் பை: முட்டை, சர்க்கரை, மாவு, ஜாதிக்காய், வினிகர், தண்ணீர். வாயில் வைத்தால் எலுமிச்சை என்றே நினைப்பீர்கள். சொல்லிவிட்டுக் கொடுத்தால் முகம் சுளிப்பார்கள், அதனால் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

பனிமிட்டாய்: மேப்பிள் பாகை 115 டிகிரி வரை காய்ச்சி, புதுப்பனியை அழுத்திய தட்டில் கோடு கோடாக ஊற்றுவது. ஜவ்வு மாதிரி இழுபடும். கொதிக்கிற பாகு என்பதால் ஊற்றும் வேலை பெரியவர்களுக்கு. ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் மரச்சாறு காய்ச்ச வேண்டும் என்பதால் பாகை நான் கடையில்தான் வாங்கினேன்.

அடுத்தது உப்பில் எழும் ரொட்டி. ஈஸ்ட் இல்லை, புளித்த மாவும் இல்லை. சோள மாவும் காய்ச்சிய பாலும் கலந்து 40 டிகிரிக்குக் குறையாமல் இரவு முழுக்க வைத்தால், வெப்பத்தில் வளரும் வேறொரு வகை பாக்டீரியா வாயுவை உண்டாக்கி மாவைத் தூக்கும். பழைய பாலாடைக்கட்டி நாற்றம் வீடெல்லாம் அடிக்கும் என்கிறார்கள். எங்கள் ஓவனில் விளக்கை மட்டும் போட்டு மூடினால் அந்தச் சூடு நிற்கிறது, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று. ஜன்னலைத் திறந்து வைக்கிற அளவுக்குக் குளிர் குறைந்ததும் செய்யலாம் என்று வீட்டில் ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள்.